ஸ்டிக்கரை நம்பி டவுன்ரிகர் தடி வாங்கி ஏமாந்தோம்

ஒன்ராறியோ ஏரியில் சால்மன் பிடிப்பதற்காகப் புதிதாகத் தூண்டில்தடி வாங்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நானும் மச்சானும் இரண்டு தடிகளுக்கு வரியோடு 406 டொலர் 80 சதம் கொடுத்தோம். மூன்றாவது பயணத்திலேயே ஒன்று உடைந்தது. அது உடைந்ததுகூடப் பெரிதில்லை. எழுபது வயது தாண்டிய என் மாமாவின் கைப்பிழையால்தான் உடைந்தது என்று கடையில் சொன்னார்களே, அதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.

மாமா பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்தவர். கடலில் தங்கூசியை, அதாவது நைலோன் தூண்டில் நூலை, வெறுங்கையால் இழுத்துப் பழகியவர். ஸ்காபரோவுக்கு வந்து இருபது வருடமாகியும் இங்கே ஒரு பெரிய மீனைத் தொட்டதில்லை. மச்சான் போன வருடம் டவுன்ரிகர் பூட்டிய பழைய படகு ஒன்றை வாங்கியதும், அவரைக் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தோம்.

டவுன்ரிகர் தெரியாதவர்களுக்கு அதைச் சொன்னால்தான் நாங்கள் ஏமாந்த விதம் புரியும். கோடையில் மேல்நீர் சூடானதும் சினூக் சால்மன் குளிர்ந்த நீரைத் தேடிக் கீழே போய்விடும். அதற்குப் பிடித்தது ஏறக்குறைய 10 முதல் 13 பாகை செல்சியஸ். அந்த ஆழத்துக்குத் தூண்டிலைக் கொண்டுபோக, படகின் பின்புறம் பூட்டிய சுருளிலிருந்து கம்பியில் 10 அல்லது 12 றாத்தல் ஈயக்குண்டு ஒன்றை இறக்குவார்கள். அந்தக் கம்பியில் மாட்டிய கிளிப் நம் தங்கூசியைக் கவ்விக்கொண்டு போகும். குண்டு இறங்கி நின்றதும் தாங்கியில் நிற்கும் தடியின் ரீலை இறுக்கிச் சுற்ற வேண்டும். நுனி தண்ணீரை நோக்கிக் குனிந்து தடி வில்லாக வளையும். மீன் அடித்ததும் தங்கூசி கிளிப்பிலிருந்து விடுபடும். வளைந்திருந்த தடி நிமிர்ந்து, தொய்வையெல்லாம் தானே இழுத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் மீன் கடித்தாலும் கடிக்காவிட்டாலும், இந்தத் தடி மணிக்கணக்கில் வளைந்துதான் கிடக்க வேண்டும். அலை, படகின் அதிர்வு, மீனைக் கவரத் தூண்டிலுக்கு முன்னால் கட்டும் ஃபிளாஷர் தகட்டின் இழுவை எல்லாவற்றையும் அந்த வளைவிலேயே தாங்க வேண்டும். அதனால்தான் கண்ணாடி இழைத் தடிகளும், கண்ணாடி இழையும் கிராஃபைட் எனப்படும் கார்பன் இழையும் கலந்த தடிகளும் இந்த வேலைக்கு நிற்கின்றன. பாரம் கூடக்கூட வளைவு நுனியிலிருந்து நடுவரைக்கும் அதற்குக் கீழும் இறங்க வேண்டும். நுனி மட்டும் வளைந்து மற்றப் பகுதி விறைத்து நிற்கும் தடியை 'ஃபாஸ்ட்' வகை என்பார்கள். கையில் பிடித்து மெல்லிய கடியை உணர அது அருமையான தடி. டவுன்ரிகருக்குப் பொருந்தாது.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. தெரியாததால்தான் விற்பனையாளரிடம் கேட்டேன். டவுன்ரிகர், சினூக், 20 றாத்தல் இழுவை தாங்கும் தங்கூசி என்று மூன்றையும் தெளிவாகச் சொன்னேன். அவர் உள்ளே போய் இரண்டு கார்பன் தடிகளைக் கொண்டுவந்தார். 8 அடி 6 அங்குலம், இரண்டு துண்டு. பிடிக்குச் சற்று மேலே பளபளப்பான ஸ்டிக்கர். அதில் டவுன்ரிகர் என்றும், 15 முதல் 30 றாத்தல் தங்கூசிக்கு என்றும் அச்சடித்திருந்தது. "இது IM8 கார்பன், கண்ணாடி இழையெல்லாம் பழைய காலத்துச் சரக்கு" என்றார். தூக்கிப் பார்த்தேன், இறகு மாதிரி இருந்தது. எனக்கும் பிடித்துவிட்டது. நாள் முழுக்கத் தாங்கியில் நிற்கப் போகும் தடிக்கு இலேசாக இருந்து என்ன பயன் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அந்த IM8 பற்றியும் சொல்லிவிடுகிறேன். IM6, IM7, IM8 எல்லாம் ஹெக்செல் என்ற நிறுவனம் தன் கார்பன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். தரச் சான்று அல்ல. எண் பெரிதானால் தடி உறுதியாகும் என்று அர்த்தமும் இல்லை. எந்த இழை, எவ்வளவு பிசின், சுவர் எவ்வளவு தடிப்பு என்பதெல்லாம் செய்கிறவர் கையில் இருக்கிறது. விறைப்பான கார்பனில் மெல்லிய சுவரோடு செய்த தடியில் ஈயக்குண்டு ஒருமுறை இடித்த சின்னக் காயமே பிறகு முறியப் போதும்.

பிரிம்லி வீதி முடியும் இடத்தில் இருக்கிற புளஃபர்ஸ் பூங்காவில்தான் படகை இறக்கினோம். ஆகஸ்ட் நடுப்பகுதி, விடிவதற்கு முன். குண்டு 65 அடியில், வேகம் மணிக்கு 2.4 மைல். ஆறரை மணியளவில் இடப்பக்கத் தடி சட்டென்று நிமிர்ந்து, உடனே திரும்பவும் குனிந்தது. மாமா தாங்கியிலிருந்து எடுத்தார். முதல் ஓட்டத்திலேயே மீன் நூறு யார்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு போனது. அவர் பதறவில்லை. தடியைச் சாய்வாகவே வைத்து, ரீலை ஓடவிட்டுக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

பிறகு படீரென்று ஒரு சத்தம். இரண்டு துண்டும் பொருந்தும் இடத்துக்கு மூன்று அங்குலம் மேலே தடி முறிந்திருந்தது. பிளந்த கார்பன் விளிம்பு தங்கூசியை அறுத்துவிட்டது. பாதித் தடியைப் பிடித்தபடி நின்ற மாமா, "நான் ஏதும் பிழையா இழுத்திட்டனோ தம்பி?" என்று கேட்டார். "இல்லை மாமா" என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கரைக்கு வரும்வரை பேசவுமில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போனோம். விற்றவர் முறிந்த இடத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "தடியை நெட்டுக்குத்தாகத் தூக்கியிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் குண்டு பட்டிருக்கும்" என்றார். மீன் படகருகே வரும்போது தடியைச் செங்குத்தாகத் தூக்கினால் உடையும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது பாரம் முழுக்க நுனிப்பக்கம் ஏறுவதால் பெரும்பாலும் மேல்பகுதியில்தான் முறியும். எங்கள் மீன் நூறு யார்டு தூரத்தில் இருந்தது, முறிவோ நடுவில். குண்டு பட்ட தடமும் இல்லை. இதையெல்லாம் சொன்னேன். பாவித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை, உத்தரவாதம் வேண்டுமானால் செய்த நிறுவனத்துக்கு எழுதுங்கள் என்று கையை விரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மாமா என் கையைப் பிடித்து, "விடு, போவம்" என்றார்.

வீட்டில் மற்றத் தடியைத் துடைத்தபோதுதான் ஸ்டிக்கரின் ஓரம் ஈரத்தில் கிளம்பியிருப்பதைக் கண்டேன். உரித்தேன். அடியில், தடியிலேயே அச்சடித்த எழுத்துகள்: ஸ்டீல்ஹெட், ஃபாஸ்ட், 8 முதல் 12 றாத்தல். ஆற்றங்கரையில் நின்று ஸ்டீல்ஹெட் என்ற மீனை மெல்லிய தங்கூசியில் வீசிப் பிடிக்கிற தடி! உடைந்ததன் ஸ்டிக்கரையும் உரித்தேன், அதிலும் அதேதான். படங்களை எடுத்துச் செய்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். இந்தத் தடி டவுன்ரிகருக்காகச் செய்தது அல்ல, அந்த ஸ்டிக்கரும் தங்களுடையதல்ல என்று நான்கு நாளில் பதில் வந்தது.

ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இப்படியான இடத்தில் உதவும். மனம் மாறிவிட்டது என்பதற்காகக் கடை பணத்தைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் சொல்லி விற்றிருந்தால், ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து அந்தக் கொள்முதலையே ரத்துச் செய்யலாம். "திருப்பி எடுப்பதில்லை" என்ற அறிவிப்பு அந்த உரிமையைப் பறிக்காது. இதை எழுதி, படங்களையும் நிறுவனத்தின் பதிலையும் சேர்த்துக் கொடுத்தேன். முதலில் கடைக்குள்ளேயே செலவழிக்கும் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள், மறுத்தேன். கடன் அட்டை வங்கியில் முறைப்பாடு போட்ட பிறகுதான் இரண்டு தடிகளின் பணமும் வந்தது. ரசீதும் ஸ்டிக்கரும் கையில் இருந்ததால் முடிந்தது. இரண்டையும் எறிந்துவிடாதீர்கள்.

இப்போது 75 டொலருக்குக் கண்ணாடி இழைத் தடிகள் இரண்டு வாங்கியிருக்கிறோம். இந்த முறை கடையில் வைத்தே ஸ்டிக்கருக்கு அடியில் இருந்ததை வாசித்தோம். மச்சான் பிடியைப் பிடித்துக்கொள்ள, நான் வளையங்களுக்குள் தங்கூசியைக் கோத்து நுனியை நிலத்தை நோக்கி மெதுவாக இழுத்தேன். வளைவு நடுவுக்குக் கீழே வரை இறங்கியது, தங்கூசி எந்த இடத்திலும் தடியில் உரசவில்லை. உரசினால் வளையங்கள் போதாது என்று அர்த்தம். ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் பஞ்சைச் சுற்றிப் பார்த்தோம். கீறல் இருந்தால் பஞ்சு நூல் சிக்கும், பிறகு தங்கூசியும் அங்கேதான் அறும். அடிப்பிடி தாங்கிக்குள் ஆழமாக இறங்குகிறதா என்றும், இரண்டு துண்டும் ஆட்டமில்லாமல் பொருந்துகிறதா என்றும் பார்த்தோம். படகின் அதிர்வில் அந்தப் பொருத்து மெல்லத் தளரும். தளர்ந்தபடி வளைந்தால் நல்ல தடியும் அங்கேதான் பிளக்கும். அதனால் ஏரியில் மணிக்கொருமுறை அதை இறுக்கிப் பாருங்கள். இதையெல்லாம் செய்யவிடாத கடையில் வாங்க வேண்டாம்.

பணம் வந்தபோது செப்டம்பர் பாதி கடந்துவிட்டது. மீன்கள் ஆறுகளுக்குள் ஏறத் தொடங்கியிருந்தன. மாமாவைக் கூட்டிக்கொண்டு ஹைலண்ட் கிரீக் ஓரம் போனேன். முழங்கால் ஆழத் தண்ணீரில் பெரிய சினூக் ஒன்று கல்லோடு கல்லாக ஏறிக்கொண்டிருந்தது. அங்கே வைத்துத்தான் நிறுவனத்தின் பதிலைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அந்த 8 முதல் 12 என்ற எண்களை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

"அப்ப என்ர கையில பிழையில்லை" என்றார்.