போடிமெட்டு ஏற்றத்துக்காக இன்ஜினை ரீமேப் செய்தது: கம்பம் பட்டறை ஒன்றின் வேலையைப் பற்றி

போடிநாயக்கனூரில் குடியிருந்துகொண்டு எல்லைக்கு அப்பால் கேரளத்தின் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் பார்ப்பவர்களின் வண்டி, முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டிய பிறகுதான் தன் உண்மையான குணத்தைக் காட்டும். போடி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்திலும் போடிமெட்டு ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன; இடையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். என்னிடம் இருப்பது பழைய வண்டியாக வாங்கிய 2017ஆம் ஆண்டு இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் தயாரான வண்டி, 2.5 லிட்டர் டீசல் இன்ஜின், நிறுவனத்தின் கணக்குப்படி 134 குதிரைத் திறன், 320 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உர மூட்டைகளையும் மருந்தடிக்கும் மோட்டாரையும் ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பும்போது இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 1,500க்குக் கீழே இறங்கிவிட்டால், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ விழித்துக்கொள்ளும்வரை வண்டி திக்கும். இரண்டாம் கியரை நம்பி நுழைந்துவிட்டு வளைவின் நடுவில் முதல் கியரைத் தேட வேண்டியிருக்கும். பின்னால் தொழிலாளர் ஜீப் ஒட்டிக்கொண்டு வரும் காலை நேரத்தில் அது நல்ல அனுபவம் அல்ல.

இதற்காகத்தான், இன்ஜின் கணினியில் உள்ள கட்டளை அட்டவணைகளை மாற்றி எழுதும் ரீமேப் (மேப்பிங்) வேலைக்கு, கம்பத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் உள்ள ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

போன அன்றே மேப்பிங் செய்துவிடலாம் என்று நினைத்துச் சென்ற என்னை அவர்கள் முதல் நாள் வெறுங்கையோடுதான் அனுப்பினார்கள். வண்டியின் கணினியைப் படிப்பதற்கான ஓபிடி துளையில் கருவியைச் செருகி, வண்டியைச் சாலையில் ஓட்டி, டர்போ தரும் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் அளவு, ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) மூன்றையும் பதிவு செய்தார்கள். இன்ஜின் கணினி கேட்கும் பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தம், ஒன்று, உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு என்று திரையில் தெளிவாகத் தெரிந்தது. “முதல்ல லீக்க அடைப்போம்ணே, மேப்ப அப்புறம் பாப்போம்” என்றார் மெக்கானிக் தம்பி. டர்போ தரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. ஏர் ஃபில்டரில் செம்மண் அடைந்திருந்தது. டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று எனக்கே நினைவில்லை. இவற்றைச் சரிசெய்து, புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வில் படிந்திருந்த கரியைச் சுரண்டி எடுக்க 11,400 ரூபாய் ஆனது. அதன்பின் ஒரு வாரம் அப்படியே ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.

இந்த விமர்சனத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: வண்டியில் புல்லிங் இல்லை என்று நான் பட்ட குறையில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. அதாவது கூடுதல் திறன் வாங்கப் போன இடத்தில், வண்டிக்குப் பிறப்பிலேயே இருந்த திறனைத்தான் முதலில் திரும்பப் பெற்றேன். ஓட்டையோடு இருந்த வண்டியின் மேலேயே மேப்பிங் ஏற்றியிருந்தால், காற்று போதாமல் டீசல் மட்டும் கூடி, கரும்புகையும் வெப்பமும்தான் மிஞ்சியிருக்கும். இணையத்தில் கிடைக்கும் டியூனிங் பெட்டிகளை வாங்கி மாட்டியவர்கள் எங்கள் ஊரில் சிலர் உண்டு. அவற்றில் பல, ரெயில் அழுத்தம் குறைவாக இருப்பதாக இன்ஜின் கணினியிடம் பொய் சொல்லி, கூடுதல் அழுத்தத்தில் டீசலைத் தள்ள வைப்பவை. உண்மையில் என்ன நடக்கிறது என்று கணினிக்கே தெரியாது. ரீமேப் என்பது அப்படியல்ல. டீசலின் அளவு, பூஸ்ட் இலக்கு, புகை வராமல் தடுக்கும் வரம்பு, முறுக்கு விசையின் உச்ச வரம்பு ஆகியவற்றைச் சொல்லும் அட்டவணைகளையே மாற்றி எழுதுவது. சரியாகச் செய்தால் கணினியின் பாதுகாப்பு ஏற்பாடுகள் அப்படியே வேலை செய்யும். சரியாகச் செய்தால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேப்பிங்குக்கு 28,000 ரூபாய் வாங்கினார்கள். முறுக்கு விசையை 400 நியூட்டன் மீட்டர்வரை கொண்டுபோகலாம் என்று ஆசை காட்டிய உரிமையாளரே, நான் சுமை ஏற்றுவதைக் கேட்டபின் 360 போதும் என்று இறங்கி வந்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. மாற்றத்தின் பெரும்பகுதியை 1,500க்கும் 2,800க்கும் இடைப்பட்ட சுற்றுகளில் வைத்து, மேல் சுற்றுகளை ஏறக்குறைய பழையபடியே விட்டிருந்தார்கள். பழைய அட்டவணைகள் அடங்கிய மூலக் கோப்பை எடுத்துப் பென் டிரைவில் என்னிடமே கொடுத்தார்கள். இதைக் கேட்டு வாங்காதவர்கள், பிற்பாடு கம்பெனி சர்வீஸில் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது மேப்பிங் அழிந்துபோனால் எதிலிருந்து எதற்கு மாறியது என்றே தெரியாமல் நிற்பார்கள்.

பலன் என்னவென்று கேட்டால், வேகம் அல்ல. முந்தலிலிருந்து மெட்டுவரை நேரத்தில் மிச்சமானது நான்கு நிமிடம்கூட இருக்காது. முன்னால் ஓர் அரசுப் பேருந்து போனால் அதுவும் இல்லை. ஆனால் அதே சுமையோடு, முன்பு முதல் கியர் கேட்ட வளைவுகளில் இப்போது இரண்டாம் கியரே போதுமாகிறது. நேர் ஏற்றங்களில் மூன்றாம் கியர் தாங்குகிறது. பூப்பாறைக்கு அப்பால் தோட்டத்துக்குள் போகும் மண் பாதையில், ஆக்சிலரேட்டரை மிதித்த அளவுக்கு மட்டும் வண்டி பதில் சொல்கிறது; திடீரென்று பாய்வதில்லை. மைலேஜ் கூடும் என்று பட்டறையில் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. டேஷ்போர்டில் தெரியும் மைலேஜ், கணினி தான் செலுத்தியதாக நினைக்கும் டீசலின் கணக்கு. அட்டவணையை மாற்றிய பிறகு அது தவறாகக் காட்டக்கூடும். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி நான்கு முறை பார்த்ததில் பழைய அளவுதான்.

இனிக் குறைகள். அங்கே இன்ஜின் திறனை அளக்கும் டைனோ கிடையாது. ஆகவே 360 என்பது அளந்து பார்த்த எண் அல்ல, கோப்பில் எழுதிய எண். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, சோதனை ஓட்டம் முழுவதையும் கம்பம் பள்ளத்தாக்கின் சமதளச் சாலையில், சுமை இல்லாமல், பத்துப் பதினைந்து விநாடி மிதிப்புகளாக முடித்துக்கொண்டதுதான். மலை ஏற்றம் அப்படிப்பட்டதல்ல. முக்கால் பங்கு மிதித்த கால் நிமிடக்கணக்கில் அப்படியே இருக்கும்; எதிர்க்காற்றும் அதிகம் கிடைக்காது; மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைந்து, மெட்டில் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 13 சதவீதம் குறைவாக இருக்கும். அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அந்த வெப்பத்தைக் காட்டும் கேஜ் ஒன்றைப் பொருத்தித் தரும்படி கேட்டேன். இந்த மேப்புக்குத் தேவையில்லை என்று தட்டிக் கழித்துவிட்டார்கள். எனக்கு இது சம்மதமில்லை. இன்ஜின் குளிர்நீரின் வெப்பத்தைக் காட்டும் கூலன்ட் முள் சரியாக நிற்பதை வைத்து டர்போவின் நிலையை அறிய முடியாது.

இரண்டாவது குறை கிளட்ச். குறைந்த சுற்றில் முறுக்கு விசை கூடினால் முதலில் அடி வாங்குவது கிளட்ச்தான் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. மேப்பிங் செய்த ஏழாம் மாதத்தில் ஒரு மழைநாளில், வளைவிலிருந்து எழும்பும்போது சுற்று மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை. கருகிய வாடை வேறு. கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் மாற்ற ஆன செலவு மேப்பிங் செலவை நெருங்கியது. பழைய பிளேட் ஏற்கெனவே தேய்ந்திருந்தது என்பது உண்மைதான். அதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கணக்கை ஒரேயடியாகப் போட்டிருப்பேன். இன்னொன்று, இறக்கத்தில் இந்த வேலையால் எந்தப் பயனும் இல்லை. இன்ஜின் பிடிப்பு கியரைப் பொறுத்தது, மேப்பைப் பொறுத்ததல்ல. ஏறியது போலவே இறங்கலாம் என்று நினைப்பவர்களின் பிரேக் பேட் வாடை மெட்டுக்குக் கீழே அடிக்கடி வருகிறது.

பெயரை ஏன் மறைக்கிறேன் என்பதற்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, நிறுவனம் குறிப்பிட்டுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற உரிமையாளருக்கு அனுமதியில்லை. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மோட்டார் வாகனத் துறை இதில் கண்டிப்பானது என்பது தினம் போய்வரும் எங்களுக்குத் தெரியும். சைலன்சரை மாற்றச் சொன்ன ஒரு வாடிக்கையாளரையும் ஈஜிஆரை அடைக்கச் சொன்ன இன்னொருவரையும் பட்டறைக்காரர் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். என் வண்டி புகைச் சோதனையில் தேறியது. அதற்காக விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்காது என்று பொருளல்ல. அந்த அபாயத்தை ஏற்க முடியாதவர்கள் ஹோஸ், ஃபில்டர், ஈஜிஆர் வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த 11,400 ரூபாய்க்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மேப்பிங்கை, கிளட்சுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

கேஜ் விஷயத்தில் கடைசியில் அவர்களும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்கள். காய் எடுப்பு முடிந்து வண்டிக்கு ஓய்வு கிடைக்கும்போது, நான் வாங்கிக் கொடுக்கும் கேஜைப் பொருத்தி, பத்து மூட்டை உரத்தோடு மெக்கானிக் தம்பியே மெட்டுவரை கூட வந்து பதிவு எடுப்பதாகவும், வெப்பம் மிகுந்தால் கோப்பைத் திருத்திக் கொடுப்பதாகவும் பேச்சு. டீசல் என் செலவு.