பெண்ட் ஊரின் ஹை டெசர்ட் உரைகள்: ஐந்து மாலை போய்வந்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போங்கள். கட்டணம் கிடையாது, ஒன்றரை மணி நேரம்தான், பேச வருகிறவர்கள் எல்லாரும் அந்த மண்ணில் வருடக்கணக்காக நடந்து வேலை பார்த்தவர்கள். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

போர்ட்லாந்து, பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு ஓரிகன் மாநிலம் என்றால் மழை, பாசி, எங்கு பார்த்தாலும் பச்சை. கேஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டினால் எல்லாமே மாறிவிடும். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிடுவதால், பெண்ட் ஊருக்கு வருடம் முழுக்கக் கிடைப்பது சுமார் 11 அங்குலம், அதிலும் கணிசமான பங்கு பனியாக விழுகிறது. மழை மறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். ஊரே சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நடுக்கோடையிலும் இரவில் ஸ்வெட்டர் வேண்டும். இந்தக் குளிர்ந்த, உயர்ந்த, வறண்ட நிலத்தைத்தான் ஹை டெசர்ட் என்கிறார்கள். நாங்கள் வேலைக்காக இங்கே குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. பர்ன்ஸ் போகும் நெடுஞ்சாலை 20இல் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் முடிவில்லாமல் ஓடும் புதர்க்காட்டை முதல் இரண்டு வருடமும் 'ஒன்றுமில்லாத இடம்' என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இல்லை, அதற்குக் காரணம் இந்த உரைகள்.

குளிர்காலத்தில் இந்த ஊரில் இப்படிப்பட்ட பொது உரைகள் நிறைய நடக்கும். நாங்கள் போன தொடர் மாதம் ஒரு மாலை, ஒரு பப்பின் பின்னறையில். குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம், பாதிப் பேர் கையில் காபியோ சூப்போதான் இருக்கும், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

முதல் மாலை சேஜ் கிரௌஸ் பறவை. கோழி இனம்தான், ஆண் மூன்று கிலோ வரை வரும். பேசியவர் வனவிலங்குத் துறையில் வேலை பார்த்த உயிரியலாளர், அறிமுகம் எதுவும் சொல்லாமல் விளக்குகளை அணைத்துவிட்டு ஓர் ஒலிப்பதிவை மட்டும் போட்டார். தண்ணீருக்கு அடியிலிருந்து பெரிய குமிழிகள் எழுந்து உடைவது போல ஒரு சத்தம், நடுவே துணி உரசுவது போல இன்னொன்று. இது பறவையின் சத்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம்தான் படம் வந்தது: விடியலுக்கு முந்தைய மங்கல் வெளிச்சத்தில் ஆண் பறவைகள் வாலை விசிறி போல விரித்து, நெஞ்சில் இரண்டு மஞ்சள் காற்றுப் பைகளை ஊதி ஊதி விடுகின்றன. வசந்த காலத்தில் அவை கூடி ஆடும் இந்தக் களத்துக்கு லெக் என்று பெயர், அதே இடத்துக்கு வருடா வருடம் வரும். மற்றக் கோழிகளைப் போல விதையை அரைக்கும் வலுவான இரைப்பை இதற்குக் கிடையாது, அதனால் குளிர்காலம் முழுக்க அது தின்பது ஏறக்குறைய சேஜ்பிரஷ் (நெடுஞ்சாலை ஓரம் நாங்கள் பார்த்த அந்தச் சாம்பல் நிறப் புதர்) இலை மட்டுமே. அந்தச் செடி போனால் பறவை போச்சு. 1965இலிருந்து கணக்கிட்டால் அமெரிக்கா முழுவதிலும் இதன் எண்ணிக்கை 80 சதவீதம் குறைந்திருக்கிறது.

அந்த மாலையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஒரு பொருள். விரல் நீளத்தில் ஒரு வெள்ளை வினைல் துண்டு, முள்கம்பியில் அப்படியே அழுத்தி மாட்டுகிற மாதிரி ஒரு பக்கம் பள்ளம், ஓரத்தில் மின்னும் நாடா. வரிசை வரிசையாகக் கைமாற்றி அனுப்பச் சொன்னார். இருட்டோடு லெக்குக்குத் தாழப் பறந்து வரும் பறவைகள் மாட்டுவேலிக் கம்பி தெரியாமல் மோதிச் செத்துப்போகின்றன. இந்தத் துண்டுகளைக் கம்பியில் சீரான இடைவெளியில் மாட்டினால் கண்ணுக்குப் பட்டு விலகிவிடுகின்றன. என் மனைவி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பின்வரிசைக்காரர் தோளைத் தட்டிக் கேட்ட பிறகுதான் கொடுத்தாள்.

கூடவே ஒரு மாட்டுப் பண்ணைக்காரரையும் மேடையில் உட்கார வைத்திருந்தார்கள், அது நல்ல யோசனை. ஹார்னி கவுண்டியில் பண்ணைக்காரர்கள் தாங்களாகவே முன்வந்து பறவைக்கு ஏற்றபடி மேய்ச்சலை நடத்துகிறோம் என்று 2014இல் மத்திய அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். 2015இல் இந்தப் பறவையை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை என்று மத்திய வனவிலங்கு அமைப்பு முடிவெடுத்ததற்கு இப்படி எடுத்த முயற்சிகளும் ஒரு காரணம். பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கடுமையாகவே பேசினார், பண்ணைக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். இந்த மாதிரி வாக்குவாதத்தை நேரில் கேட்பதற்காகவே போகலாம்.

இரண்டாவது மாலை சீட்கிராஸ் என்ற புல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பா, ஆசியா பக்கமிருந்து வந்து சேர்ந்தது. இலையுதிர் காலத்திலேயே முளைத்து, மற்றப் புற்களுக்கு முன்னால் ஈரத்தை உறிஞ்சி, கோடை தொடங்கும்போதே காய்ந்து வைக்கோலாகிவிடும். உள்ளூர்ப் புல் கொத்துக் கொத்தாக, நடுவே வெறும் மண் விட்டு வளர்வதால் முன்பெல்லாம் தீ ஓடிப் பரவ வழியில்லை, இது அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. பெரிய சேஜ்பிரஷ் எரிந்தால் வேரிலிருந்து துளிர்க்காது, விதையிலிருந்துதான் வரவேண்டும், அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் சீட்கிராஸ் மறுபடி வளர்ந்து, காய்ந்து, மறுபடி எரிகிறது. 2024இல் ஓரிகனில் சுமார் 19 லட்சம் ஏக்கர் எரிந்தது, பெரும்பகுதி மாநிலத்தின் கிழக்குப் பக்கம். அந்த ஜூலையில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியாமல் இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அரங்கமே அமைதியாகக் கேட்டது, ஆனால் விளக்கப்படங்கள் எதுவும் மூன்றாம் வரிசைக்கு அப்பால் தெரியவில்லை.

மூன்றாவது ஜூனிபர் மரம் பற்றியது. ஐந்தில் சிறந்தது இதுதான் என்பேன். இது வெளியிலிருந்து வந்ததல்ல, இந்த மண்ணுக்கே உரிய மரம். ஆனால் கடந்த 150 வருடங்களில், ஆடுமாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்ததாலும் சிறு தீக்களைக்கூட உடனே அணைத்து வந்ததாலும், பாறை இடுக்குகளில் ஒதுங்கியிருந்த மரம் புதர்க்காட்டுக்குள் இறங்கி அடர்ந்துவிட்டது. ஓரிகனில் செய்த ஓர் ஆய்வில், சுற்று நிலத்தில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் மரம் மூடிய இடங்களில் ஒரு லெக் கூட மிஞ்சவில்லை. நான்கு பங்கு என்பது நம் கண்ணுக்கு மரமே இல்லாத வெளி மாதிரிதான் தெரியும். கழுகும் காக்கையும் உட்கார ஒரு கிளை கிடைத்தால் போதும், சேஜ் கிரௌஸ் அந்தப் பக்கம் வராது.

நான் ராமநாதபுரத்துக்காரன், சீமைக்கருவேலத்தைப் பார்த்து வளர்ந்தவன், அதனால் கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டேன்: அப்படியானால் மொத்தத்தையும் வெட்டிவிட வேண்டியதுதானே? பேசியவர் அந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் கொடுத்தார். பிரதர்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பால் கேம்ப் க்ரீக் பகுதியில் அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புகளை 1990களிலிருந்து அளந்து வந்து, ஒன்றில் மட்டும் 2005, 2006இல் இளம் ஜூனிபர்களை வெட்டினார்களாம், வெட்டிய பக்கம் ஊற்றுநீரும் நிலத்தடி நீரும் கூடியிருக்கிறது. ஆனால் அங்கேயும் முதிய மரங்களைத் தொடவில்லை. எது முதியது என்று எப்படித் தெரியும் என்பதற்கும் அடையாளம் சொன்னார்: இளையது கோபுரம் போல உச்சி கூராக இருக்கும், முதியதின் தலை தட்டையாகிவிடும், பட்டை ஆழமாக வெடித்து நார் நாராக இருக்கும், பட்டுப்போன கிளைகளில் எலுமிச்சை நிறத்தில் லைக்கன் (பாசியும் பூஞ்சையும் ஒட்டி வாழும் படலம்) படர்ந்திருக்கும். எங்கள் ஊரில் கருவேலம் பற்றிய பேச்சு எப்போதும் 'வெட்டு', 'வெட்டாதே' என்ற இரண்டோடு நின்றுவிடும். கருவேலம் வெளியிலிருந்து வந்த மரம், ஆகவே கணக்கு வேறு என்பது சரி. ஆனாலும் இப்படி ஒரு நிலத்தை வருடக்கணக்கில் அளந்துவிட்டுப் பேசுவதைக் கேட்டபோது ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த உரைக்கு அடுத்த சனிக்கிழமை ஒரு நடையும் வைத்திருந்தார்கள், ஊருக்குக் கிழக்கே ஓரிகன் பேட்லேண்ட்ஸ் வனப்பகுதியில். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம், கட்டாயம் முன்பதிவு செய்யுங்கள். ஆயிரம் வருடம் தாண்டிய ஜூனிபர்கள் உள்ள இடம், கயிறு முறுக்கியது போன்ற அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தோம். அதைவிட எனக்கு மனதில் நின்றது தரை. வழிகாட்டிய பெண்மணி பாதை ஓரத்தில் மண்டியிட்டு, கருகிப்போன மேலோடு போலத் தெரிந்த மண்ணைக் காட்டி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நாலு சொட்டு விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்தக் கறுப்பு விரிந்து பச்சையானது. காய்ந்து சுருண்டு கிடந்த பாசி. பாசியும் லைக்கனும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள தோல் அது, மண் காற்றில் பறக்காமல் காப்பதும் சீட்கிராஸ் விதை வேர்விட இடம் கொடுக்காததும் அதுதான். ஒரு காலடி பட்டு உடைந்தால் சரியாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று பலகையில் எழுதியிருப்பதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

நான்காவது மாலை இரவு வானம் பற்றியது, சுமார்தான். லேக் கவுண்டியில் 25 லட்சம் ஏக்கருக்கு 2024இல் இருண்ட வான் சரணாலயம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்ததைச் சொன்னார்கள், மிச்ச நேரமெல்லாம் படங்கள். கேட்பதைவிட நேரில் போய் அண்ணாந்து பார்ப்பது நல்லது.

ஐந்தாவது மாலை ஃபோர்ட் ராக் என்ற இடத்தில் கிடைத்த பழங்காலச் செருப்புகள். 1938இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் லூதர் கிரெஸ்மன் ஒரு குகையைத் தோண்டியபோது, மசாமா எரிமலைச் சாம்பல் படுகைக்குக் கீழே பல பத்துச் செருப்புகள் கிடைத்தன. அந்த எரிமலை வெடித்துச் சரிந்த பள்ளம்தான் இன்றைய கிரேட்டர் லேக், வெடித்தது சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்னால். செருப்புகள் அதற்கும் முந்தியவை, பிற்காலத்தில் கரிமக் காலக்கணிப்பு 9,000 ஆண்டுகளுக்கு மேல் என்று காட்டியது. எல்லாமே சேஜ்பிரஷ் பட்டையை உரித்து, திரித்து, பின்னியவை: தட்டையான அடி, விரல்களை மூடும் ஒரு மடிப்பு. பேசியவர் தானே பின்னிய ஒரு மாதிரியைக் கொண்டுவந்திருந்தார். முகர்ந்து பார்த்தேன், மழை பெய்த மறுநாள் இந்த ஊர் முழுக்க வீசுமே, அதே வாசனை. நான் ஒன்றுமில்லை என்று சொன்ன அந்தச் செடியைத்தான் காலில் கட்டிக்கொண்டு இங்கே மனிதர்கள் நடந்திருக்கிறார்கள்.

என்னுடைய பெரிய குறையும் இதே மாலையைப் பற்றியதுதான். இந்த மண்ணின் பூர்வகுடிகளான கிளாமத் மக்களும் வடக்குப் பையூட் மக்களும் இன்றும் இங்கேயே வாழ்கிறார்கள். அந்த எரிமலை வெடித்ததைப் பற்றிக் கிளாமத் மக்களிடம் வாய்மொழிக் கதையே உண்டு. அதையும் பேசியவர்தான் எடுத்துச் சொன்னார். ஐந்து மாலையில் ஒரு மாலைகூட அந்தச் சமூகங்களிலிருந்து ஒருவர் மேடையில் இல்லை. கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன், மனைவியும் தனியாக எழுதினாள். அடுத்த பருவத்தில் இது மாற வேண்டும்.

மற்றவை சின்னச் சின்னவை. பின்பக்கம் ஒலி சரியாகக் கேட்காது, இடதுபுறத் தூண் திரையில் கால்வாசியை மறைக்கும், கேள்வி நேரத்தைப் பெரும்பாலும் கால் மணியில் முடித்துவிடுகிறார்கள். ஜனவரியில் பனியால் ஒரு மாலையைத் தள்ளிவைத்தார்கள், அந்த மின்னஞ்சல் வந்தபோது நாங்கள் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தோம், எங்களுக்கு முன்னால் ரெட்மண்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பமும். பனி நாளில் கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

போர்ட்லாந்திலிருந்து மூன்றரை மணி நேரம் ஓட்டி வருகிறவர்கள் இரவு தங்கி, மறுநாள் காலை ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலை 97இல் இருக்கும் ஹை டெசர்ட் மியூசியத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே கழுகு, ஆந்தை, நீர்நாய் எல்லாம் உண்டு, முந்தைய மாலை கேட்டதெல்லாம் இன்னும் தெளிவாகப் புரியும். உரைக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வந்தால் வலதுபுறம் முன்வரிசை கிடைக்கும். சாப்பாட்டை உரை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், நடுவில் சொன்னால் வர நேரமாகும்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் தாளும் பேனாவும் வைத்திருப்பார்கள், வேலிகளில் அந்த வெள்ளைத் துண்டுகளை மாட்டும் வேலைக்குப் பெயர் கொடுக்கும் தாள். மார்ச் மாலையில் எங்கள் பெயரை எழுதியபோது அது பதினேழாவது, பதிமூன்று இடம் இன்னும் காலியாக இருந்தது. ஜூன் முதல் சனிக்கிழமை, பர்ன்ஸ் தாண்டி, காலை ஏழு மணிக்கு. கனமான தோல் கையுறை சொந்தமாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.