நிறுத்திப் பார்த்தால் தெரியும்: மூன்று ரயில் சிமுலேட்டர்கள்

எந்த ரயில் கேம் தேவலை என்று கேட்டால் பலரும் கிராபிக்ஸில்தான் ஆரம்பிப்பார்கள். என் அளவுகோல் வேறு. வேகம் கூட்டும் த்ராட்டிலை ஏற்றினால் எந்த கேமிலும் வண்டி ஓடும். பிளாட்பாரத்தில் சரியாக நிறுத்த எவ்வளவு யோசிக்க வைக்கிறது என்பதுதான் விஷயம்.

மொபைல்காரர்களுக்கு, சென்னையின் ஹைப்ரோ இன்டராக்டிவ் உருவாக்கிய இந்தியன் ட்ரெயின் சிமுலேட்டர் போதும். நம்மூர் இன்ஜின், நம்மூர் பெட்டி, ஹாரன் எல்லாம் உண்டு. வீட்டில் வாண்டு இருந்தால் போன் உங்கள் கைக்குத் திரும்பாது! ஆனால் பிரேக்கில் பெரிய நுணுக்கம் எதிர்பார்க்காதீர்கள்.

ட்ரெயின் சிம் வேர்ல்ட் பார்க்க அசத்தல். அன்ரியல் இன்ஜின் என்ற கேம் மென்பொருளில் ஓடுவது. கேபினை விட்டு இறங்கி நடக்கலாம். ஆனால் பெரும்பாலும் பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கத் தடங்கள்தான். தடங்களைத் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே போனால் பர்ஸ் தாங்காது.

என் ஓட்டு ஓப்பன் ரெயில்ஸுக்கு. இலவசம், ஓப்பன் சோர்ஸ் (மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது). 2001இல் வந்த மைக்ரோசாப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்கான கோப்புகளையே இது இயக்கும். அந்தப் பழைய கேமோடு வந்த ஆறு தடங்களில் ஒன்றுகூட இந்தியத் தடம் இல்லை. அந்தக் குறையை நம் ரசிகர்களே வாப்-4, வாப்-7 என்று நம் மின்சார இன்ஜின்களைச் செய்து குவித்துத் தீர்த்துவிட்டார்கள்.

இதில் பிரேக் பிடிப்பதே தனி சுகம். நிஜ வண்டியில் பெட்டிகள் நெடுக ஓடும் பிரேக் பைப்பில் சதுர செ.மீ.க்கு 5 கிலோ காற்றழுத்தம் இருக்கும். லோகோ பைலட் ஏ-9 கைப்பிடியால் அதைக் குறைத்தால்தான் பெட்டிகளில் பிரேக் பிடிக்கும். எஸ்ஏ-9 என்ற இன்னொரு கைப்பிடி இன்ஜினின் பிரேக்குக்கு மட்டும். அழுத்தம் குறைவது கடைசிப் பெட்டிவரை போய்ச்சேர நேரமாகும். கேமில் எஃப்5 தட்டி, ஷிப்டோடு மறுபடி தட்டிக்கொண்டே போனால் பெட்டிவாரியாக பிரேக் அழுத்தம் காட்டும் பக்கம் வரும். முன்பெட்டி பிடித்துவிட்ட பிறகும் வால்பெட்டி அசட்டையாக வருவதை அங்கே எண்களில் பார்க்கலாம். ஆப்ஷன்ஸில் கிராஜுவேட்டட் ரிலீஸை டிக் செய்துவிடுங்கள். நம் பயணிகள் பெட்டிகளில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த முடியும். டிக் இல்லாவிட்டால் மொத்தமாக விட்டுவிடக்கூடும்.

தலைவலியும் உண்டு. ஒரு பெட்டியின் கோப்பு விடுபட்டால் போதும், எந்த ஃபோல்டரில் எது போகவேண்டும் என்று தேடியே ஒரு சாயங்காலம் காலி. காட்சிகளும் பழசுதான்.

புதிதாக இறங்குபவர்கள் எடுத்த எடுப்பிலேயே 24 பெட்டி எக்ஸ்பிரஸைத் தொடவேண்டாம். எட்டுப் பெட்டி பாசஞ்சரை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிறுத்திப் பழகுங்கள்.