நேர்ச் சந்திப்பா, காணொளியா, தொலைபேசியா: உளவியல் சிகிச்சையில் எது யாருக்குப் பொருந்தும்?

கிராமத்திலிருந்து நகரத்து உளவியலாளரிடம் வந்து போகிறவருக்கு முக்கால் மணி நேர அமர்வுக்காக ஒரு நாள் கூலி போய்விடுகிறது. "வாரா வாரம் எங்கே போகிறாய்?" என்ற ஊராரின் கேள்விக்குப் பதில் தேடுவது அதைவிடப் பெரிய பாரம். பலர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது இவற்றால்தான். இவ்விரண்டையும் காணொளி அமர்வு இறக்கி வைக்கிறது. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பயின்று மாற்றும் முறை) காணொளியிலும் ஏறத்தாழ நேரடி அமர்வுக்கு இணையாகப் பலன் தருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் திரையில் தெரிவது முகம் மட்டுமே. மேசைக்கடியில் நடுங்கும் கால்களும், மணிக்கட்டில் உள்ள கீறலும், மதுவின் வாடையும் நேரில் அமர்ந்திருப்பவருக்கே புலப்படும். கேட்கப்பட்ட கேள்விக்குப் பின் வரும் மௌனம் சிகிச்சையில் மிக முக்கியமானது. காணொளியிலோ அது அழுகையை அடக்கும் மௌனமா, நெட்வொர்க் விட்டுப்போனதா என்றே சில நொடிகள் தெரிவதில்லை. தற்கொலை எண்ணம் உள்ளவரின் அழைப்பு துண்டிக்கப்பட்டால் அவர் எங்கிருக்கிறார் என்பது தெரிந்தாக வேண்டும். அமர்வின் தொடக்கத்திலேயே இருப்பிடத்தையும் உறவினர் ஒருவரின் எண்ணையும் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

எனக்குப் பெரிதாகத் தோன்றும் தடை, சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லாதது. இரண்டு அறை வீட்டில் கணவரைப் பற்றிப் பேசத் தொடங்கும் பெண், அடுப்படியில் மாமியாரின் காலடி கேட்டதும் "ம்… சரிங்க" என்று பேச்சை மாற்றிவிடுகிறார். வீட்டிலேயே வன்முறைக்கு ஆளாகிறவருக்கு வீட்டிலிருந்தபடி சிகிச்சை என்பது ஆபத்தாகவும் முடியலாம்.

முகம் காட்டாமல் பேச முடிவது தொலைபேசியின் பலம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை இந்தியாவில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். நெருக்கடியில் அது கைகொடுக்கும்; ஒரே சிகிச்சையாளருடன் மாதக்கணக்கில் தொடரும் அமர்வுகளுக்கு அது மாற்றாகாது.

மனநலத்துக்காக இயங்கும் சென்னையின் ஸ்கார்ஃப் தொண்டு நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010இல் தொடங்கிய பேருந்துத் திட்டம் இங்கே நினைவுக்கு வருகிறது. நோயாளி பேருந்துக்குள் அமர்ந்து திரை வழியாக மருத்துவரிடம் பேசுவார். மருந்தும் அங்கேயே கிடைக்கும். அது மனநல மருத்துவ ஆலோசனைக்கான ஏற்பாடுதான் என்றாலும், தொலைவும் கதவும் ஒருசேரத் தீர்ந்தது அதில்தான். முதல் அமர்வு நேரில் நடக்கட்டும்; அடுத்தடுத்த அமர்வுகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு பிற்பகல், தாழிடக்கூடிய ஓர் அறையும் ஒரு திரையும் ஒதுக்கித் தரலாம்.