பெரியம்மாவின் உயில்: யாருக்கு எந்தப் பொறுப்பு?

டொரண்டோவிலிருந்து கும்பகோணம் சென்ற இம்முறை, பெரியம்மாவின் உயில் வேலையாக வழக்கறிஞர் அலுவலகத்திற்கும் சார்பதிவாளர் அலுவலகத்திற்கும் நடந்ததிலேயே விடுப்பின் பெரும்பகுதி கழிந்தது. பிள்ளைகள் இல்லாத அவர், கணவர் மறைந்தபின், ஆசிரியை வேலையில் ஈட்டிய பணத்தில் வாங்கிய வீட்டில் வசிக்கிறார். உயில் எழுதாமல் விட்டால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீடு கணவர் வழி வாரிசுகளுக்குப் போய்விடும். தம்மைக் கவனித்துக்கொள்ளும் தங்கை மகளுக்கே அது சேர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

“பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்” என்று உறவினர் பலரும் சொன்னார்கள். பவர் என்பது, நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். அதோடு எல்லாம் முடியாது என்பதை வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில், உரியபடி எழுதப்பட்ட சொத்து அதிகாரப் பத்திரம், எழுதியவர் நினைவு தவறிய பின்னும் செல்லும். இந்தியாவிலோ, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி பவர் முடிந்துபோகிறது. அதாவது, மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். எனவே வங்கி, வரி, மின்கட்டணம் போன்றவற்றுக்கு மட்டும் தங்கை மகள் பெயரில் பவர் எழுதினோம். வீட்டை விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்கவில்லை.

நீண்ட நேரம் பேசியது உயிலை நிறைவேற்றுபவர் யார் என்பதைப் பற்றித்தான். “நீயே இருடா, உன்னை எல்லாரும் மதிப்பாங்க” என்றார் பெரியம்மா. மதிப்பு இருந்து என்ன பயன்? வங்கிக்கும் நீதிமன்றத்திற்கும் அலைய வேண்டியவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். பயனடைபவரே நிறைவேற்றுநராக இருக்கச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் பங்காளிகள் பேசுவதற்கு அது இடம் கொடுக்கும் என்பதால், தஞ்சாவூரில் கணக்காளராக இருக்கும் ஒன்றுவிட்ட தம்பியை நியமித்து, அவரால் இயலாவிட்டால் என்று இன்னொருவர் பெயரையும் சேர்த்தோம்.

வைப்புத்தொகைக்கு நாமினியாக இன்னும் என் பெயரே இருந்தது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர உரிமையாளர் அல்லர் என்று ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1984-இலேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் உயிலுக்கு முரணாக இருக்கக் கூடாதென்று அதையும் மாற்றினோம்.

உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம். இரண்டு சாட்சிகள் போதும். ஆயினும் பதிவு செய்தோம். நோயாளிகளுக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வர வழியுண்டு; பெரியம்மாதான் நேரில் போவதே மரியாதை என்றார். தேய்ந்த ரேகைகளைக் கருவி ஏற்க மறுத்தபோது, ஊழியர் ஈரத்துணியால் அவர் விரல்களைத் துடைத்துவிட்டு, அவசரப்படாமல் மீண்டும் மீண்டும் வைக்கச் சொன்னார். சார்பதிவாளர் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசியது எனக்கு நிறைவாக இருந்தது.

உயிர்காக்கும் சிகிச்சை குறித்த முன்விருப்ப ஆவணத்தை 2023 முதல் நோட்டரி முன்னிலையிலேயே முடிக்கலாம். அதையும் எடுத்துச் சொன்னேன். “அதை அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்டா” என்று பெரியம்மா தள்ளிவைத்துவிட்டார்.