ஃபோல்ட்ஸ்கோப்: ஊட்டச்சத்தியல் மாணவர்களுக்கு எவ்வளவு உதவும்?

ஊட்டச்சத்தியல் முதலாண்டில் செல் பாடம் பல இடங்களில் ஒரே படத்தோடு முடிந்துவிடுகிறது. ஒரு வட்டம், நடுவில் உட்கரு, சுற்றிலும் அம்புக்குறி போட்டுப் பத்துப் பெயர்கள். அந்தப் படத்துக்கும் தட்டில் இருக்கும் கொண்டைக்கடலைச் சுண்டலுக்கும் என்ன உறவு என்று கேட்டால் பதில் வராது. அந்த இடைவெளியை நிரப்ப, கையடக்கமான காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் எவ்வளவு தூரம் உதவும் என்று பார்ப்போம்.

மீரட்டில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்த மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய கருவி இது. 2014இல் வந்த அவர்களுடைய ஆய்வுக்கட்டுரை 2,000 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம் கிடைக்கும் என்று சொன்னது. அதை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். கடைக்கு வரும் பெட்டியில் இருப்பது 140 மடங்கு லென்ஸ். இரண்டு மைக்ரானுக்குக் குறைந்த நுணுக்கம் அதில் பிரிந்து தெரியாது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான்.

மடித்துச் சேர்ப்பதில் சிக்கல் இல்லை. கோடு போட்ட இடத்தில் நகத்தால் அழுத்தி மடித்தால் முதல் தடவையே பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து, இரு கட்டைவிரல்களாலும் காகிதத்தை நகர்த்தித் தேட வேண்டும். நேராக வெயிலைப் பார்க்கவே கூடாது. நடுப்பகுதிதான் தெளிவாக இருக்கும். ஓரங்கள் மங்கலாகத் தெரிவது கோள லென்ஸின் இயல்பு, கருவியின் பழுது அல்ல.

புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் "ஒன்றுமே தெரியவில்லை" என்று கைவிடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஸ்லைடைத் திருப்பி வைத்திருப்பார்கள். லென்ஸுக்கும் மாதிரிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவுதான் இடம். கண்ணாடி ஸ்லைடின் தடிமனோ ஒரு மில்லிமீட்டர். மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் இருக்கும் பக்கம் லென்ஸைப் பார்த்திருந்தால்தான் குவியம் கிடைக்கும். அடுத்த தவறு தண்ணீர் அதிகமாக விடுவது. கவர் ஸ்லிப் மிதந்தால் செல்களும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சிறு துளி போதும். கறுப்பு விளிம்போடு அச்சடித்தாற்போல வட்டமாகத் தெரிபவை காற்றுக் குமிழிகள், செல்கள் அல்ல.

இந்தக் கருவி தன் விலைக்கு நியாயம் செய்வது செல் சுவரைக் காட்டுவதில். ஊட்டச்சத்தியல் மாணவர் கண்ணால் பார்த்தே தீர வேண்டியதும் அதுதான்.

ஊறவைத்துக் குழைய வேகவைத்த ஒரு கொண்டைக்கடலையை எடுத்துத் தோலை நீக்குங்கள். அரை டம்ளர் தண்ணீரில் விரலால் மெதுவாகத் தேயுங்கள், நசுக்க வேண்டாம். கலங்கிய நீரில் ஒரு துளியை ஸ்லைடில் விட்டு, நீர்த்த அயோடின் ஒரு துளி சேருங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலே போதும்; வெறும் டீ நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் கலக்க வேண்டும். அடர்த்தியாக விட்டால் எல்லாம் கறுத்து ஒன்றும் தெரியாது. இப்போது பார்த்தால் முடிச்சுப் போட்ட மூட்டைகள் போல, ஏறத்தாழ 100 மைக்ரான் அளவில் முழு முழு செல்கள் தெரியும். மாவுச்சத்து உள்ளே நீலமாகிக் கிடக்கும், சுவர் கிழியாமல் சுற்றி நிற்கும். இவ்வளவு வேகவைத்தும் சுவர் உடையவில்லை. ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் ஒட்டியிருந்த பெக்டின்தான் கரைந்திருக்கிறது. அதனால்தான் விரலால் தேய்த்ததும் செல்கள் தனித்தனியாகப் பிரிந்து வந்தன.

பக்கத்தில் இன்னொரு ஸ்லைடில் கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு துளி வையுங்கள். கிழிந்த சுவர்த் துண்டுகளும் வெளியே சிதறிய மாவுச்சத்துத் துகள்களுமாக இருக்கும். இந்தச் சுவரிலுள்ள செல்லுலோஸைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. ஆகவே மூட்டை முழுதாக இருக்கும்வரை மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியான அமைலேஸ் உள்ளே போவது கடினம். முழுப் பருப்பின் மாவுச்சத்து ஏன் மெதுவாகக் குளுக்கோஸாகிறது, அதே பருப்பை மாவாக அரைத்தால் ஏன் வேகம் கூடுகிறது என்பதற்கு இந்த இரண்டு ஸ்லைடுகளைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடக்குறிப்பிலும் கிடைக்காது. நார்ச்சத்து என்றால் கீரைத்தண்டின் நார் மட்டும் இல்லை, இந்தச் சுவரும் நார்ச்சத்துதான் என்பது அப்போது மனதில் நிற்கும்.

மாவுச்சத்தை மட்டும் தனியே பார்க்க உருளைக்கிழங்கே வசதி. வெட்டிய முகத்தைக் கத்தியால் சுரண்டி அந்தச் சாற்றை வைத்தால், 10 முதல் 100 மைக்ரான் வரை முட்டை வடிவத் துகள்கள் நன்றாகத் தெரியும். சாற்றை 70 டிகிரி தாண்டிச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். துகள்கள் உப்பி உருக்குலைந்திருக்கும். அரிசியின் துகள்கள் 3 முதல் 8 மைக்ரான்தான், இந்த லென்ஸில் வெறும் புள்ளிகள். அரிசியில் தொடங்காதீர்கள்.

சவ்வூடு பரவலுக்குச் சின்ன வெங்காயம். ஊதா நிறமுள்ள மேல் சவ்வை மட்டும் மெல்லிசாக உரித்து, சுருங்காமல் தண்ணீரில் பரப்பி, கவர் ஸ்லிப் மூடிப் பாருங்கள். செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையான வாக்குவோலில் உள்ள நிறம் செல்லை முழுக்க அடைத்திருக்கும். 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் உப்பு கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு துளி விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ காகிதத்தால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் நிறம் மூலையிலிருந்து விலகி உள்ளே சுருங்கும், சுவர் அசையாது. உப்பு பிசறிய மாங்காய் நீர் விடுவது இதனால்தான். ஆனால் உயிர்காக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் இதை வைத்தே விளக்கிவிட முடியாது. 2002இல் திருத்தப்பட்ட அதன் அளவு லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், 75 மில்லிமோல் குளுக்கோஸ். அங்கே வேலை செய்வது குடல் செல் சவ்விலுள்ள, சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு புரதம். தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது. அந்தப் புரதம் எந்த ஒளி நுண்ணோக்கியிலும் தெரியாது.

கன்னத்தின் உட்புறச் செல்லும் சுலபம்தான். பஞ்சுக்குச்சியால் துடைத்து, ஸ்லைடில் தேய்த்து உலரவிட்டு, ஒரு சதவீத மெத்திலீன் நீலம் ஒரு நிமிடம் வைத்துக் கழுவினால் உட்கரு நீலப் புள்ளியாகத் தெரியும். பக்கத்தில் ஒரு தலைமுடியை வைத்தால் அளவுக்கோலாகிவிடும். பயன்படுத்திய குச்சியை உடனே பிளீச்சிங் கரைசலில் போடவும்.

இந்தக் கருவியால் ஆகாதவை எவை என்பதையும் சொல்லியாக வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் அகலம் அரை முதல் ஒரு மைக்ரான், ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர் (ஒரு மைக்ரானில் ஆயிரம் நானோமீட்டர்), செல் சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர். எதுவும் தெரியாது. கொழுப்பு எங்கே எரிகிறது, புரதம் எங்கே உருவாகிறது என்ற பாடத்துக்குப் படமும் ஆசிரியரும்தான் துணை. இட்லி மாவில் பாக்டீரியாவும் பிடிபடாது. மொட்டு விடும் ஈஸ்ட் வேண்டுமானால் கிடைக்கும்.

ரத்தசோகை கண்டறிய இதைப் பயன்படுத்தும் யோசனை தோன்றினால் உடனே விட்டுவிடுங்கள். சிவப்பணுவின் விட்டமே 7, 8 மைக்ரான். இரும்புச்சத்துக் குறைவால் அது ஒரு மைக்ரான் சிறுத்திருப்பதை இரண்டு மைக்ரான் நுணுக்கமுள்ள லென்ஸ் எப்படிக் காட்டும்? விரலைக் குத்தி ரத்தம் எடுப்பதும் வகுப்பறையில் வேண்டாத ஆபத்து.

தனியாகப் படிக்கும் மாணவர் தயங்காமல் வாங்கலாம். கல்லூரித் துறை வாங்குவதென்றால், ஆளுக்கொரு ஃபோல்ட்ஸ்கோப்போடு 400 மடங்கு தரும் சாதாரணக் கூட்டு நுண்ணோக்கி ஒன்றாவது கட்டாயம் வேண்டும். கூடவே சிறுகுடல் குறுக்குவெட்டின் தயார் ஸ்லைடு ஒன்று வாங்கிவிடுங்கள். குடலுறிஞ்சிகள் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் உயரம் என்பதால் ஃபோல்ட்ஸ்கோப்பிலேயே விரல் விரலாகத் தெரியும். அவற்றின் மேல் வரிசையாக நிற்கும் உறிஞ்சும் செல்களைப் பிரித்துப் பார்க்கத்தான் அந்த 400 மடங்கு.