காரின் சாஃப்ட்வேர் அப்டேட் பாதியில் நின்று பேட்டரி இறங்கினால்: லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் உதவுமா?

மின்சார காரில் பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் சில நேரம் கதவு திறக்காது, திரை எரியாது. காரணம், பூட்டையும் கம்ப்யூட்டர்களையும் ஓட்டும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. பல கார்களில் அப்டேட் ஓடும்போது பெரிய பேட்டரி இதற்குச் சார்ஜ் கொடுப்பதில்லை. அப்டேட் பாதியில் நின்றால், கம்ப்யூட்டர்கள் தூங்காமல் இதைக் காலி செய்துவிடும்.

இறங்கிய பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் கையடக்கப் பேட்டரிதான் ஜம்ப் ஸ்டார்ட்டர். இதற்குச் சின்னதே போதும். இன்ஜினைச் சுழற்றும் வேலை இல்லையே. ஆனால் பூஸ்ட் பட்டன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அடியோடு இறங்கிய பேட்டரியைச் சாதாரண மாடல் கண்டுகொள்ளாது. பூஸ்ட் அழுத்தினால் பெரும்பாலும் தலைகீழ் இணைப்புப் பாதுகாப்பு வேலை செய்யாது. பிளஸ், மைனஸை இரண்டு முறை பாருங்கள்.

ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, சிவப்பு கிளிப்பை பிளஸ்ஸிலும் கருப்பை மேனுவல் காட்டும் எர்த் போல்ட்டிலும் மாட்டுங்கள். பெரிய பேட்டரியின் உயர் வோல்ட் மின்சாரம் ஓடும் ஆரஞ்சு கேபிள்களைத் தொடவே கூடாது. கார் ரெடி நிலைக்கு வந்ததும் கிளிப்பைக் கழற்றி, 12 வோல்ட் பேட்டரியில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வையுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது; ஒரு மணி நேரமாவது அப்படியே விடுங்கள். 12.5-ஐத் தாண்டாவிட்டால் கோளாறு அப்டேட்டில் இருக்கலாம். நாகர்கோவிலில் புது பேட்டரி வாங்கிப் போடுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கிளிப் சரியாகப் பிடிக்காது. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்துத் துடைத்து, வாசலின் பூசுங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டரை மட்டும் வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்.